மூலை மூடிய நாள்

கௌடரிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "நாட்டி ஆய்தா?" நடவு ஆயிற்றா என்று கன்னடத்தில். அவர் வரப்பில் நின்றபடியே, "ஆய்தம்மா, மூறு தின ஆய்து" என்றார். ஆகி மூன்று நாள். எனக்கு வேண்டியிருந்ததும் அந்த மூன்றாம் நாள்தான். அவருடைய ஆட்களிடம் மணலில் மருந்தைக் கலக்கச் சொன்னேன்.

தொண்ணூறுகளின் நடுவில், விவசாயப் படிப்பை முடித்த கையோடு, களைக்கொல்லி விற்கும் ஒரு கம்பெனியின் மைசூர் கிளையில் சேர்ந்திருந்தேன். சரஸ்வதிபுரத்தில் ஒரு பல் டாக்டரின் மாடியில் ஆபீஸ். மேஜை அங்கே இருந்தாலும் வேலை டி. நரசீபுரம் ரோட்டில், வாய்க்கால் பாயும் நெல் வயல்களில். எங்கள் மருந்து வளர்ந்த செடியைக் கொல்லாது. களை விதை முளைத்து மண்ணை முட்டிக்கொண்டு வரும் அந்தச் சமயத்தில் அதைப் பிடிக்கும். வெளியே வந்து இரண்டு மூன்று இலை விட்டுவிட்டால் அப்புறம் எவ்வளவு போட்டாலும் களைக்கு ஒன்றும் ஆகாது. எனவே மருந்தின் அளவைவிட அதைப் போடும் நாள்தான் முக்கியம் என்று ஊர் ஊராகச் சொல்வதற்கே எனக்குச் சம்பளம்.

எனக்கு எதையும் வரிசை போட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. வயலில் இறங்குமுன் மூன்றைச் சரிபார்ப்பேன். தண்ணீர் விரல் கனத்துக்கு மேல் இல்லாமல் நிற்கிறதா. மணல் காய்ந்திருக்கிறதா. நட்டு எத்தனை நாள். முதல் இரண்டையும் அன்று கண்ணால் பார்த்தேன். மூன்றாவதை வாயால் கேட்டேன். கலங்கிய தண்ணீருக்கு அடியில் நூல் நூலாகப் பச்சையாக ஏதோ தெரிந்தது. பாசி என்று நினைத்துக்கொண்டேன்.

அது பாசி இல்லை. சில வாரங்களில் நெல்லோடு நெல்லாக அது எழுந்து நின்றது. அதே பச்சை, அதே உயரம், அதே சாய்வு. இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு ஒரு மெல்லிய தோல் இருக்கும், அதற்கு இருக்காது. கிட்டப் போய் மடக்கிப் பார்த்தால்தான் இரண்டும் வேறு என்று தெரியும். மற்ற களைகள் அநேகமாகச் செத்திருந்தன. இது மட்டும் வயல் முழுக்க நின்றது.

என் அண்ணி அதைச் சக்களத்தி என்றாள். "எங்க பக்கத்துல அதுக்கு அதுதான் பேரு அம்மணி. நெல்லுக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, நெல்லுச் சோத்தையே தின்னுக்கிட்டு, நெல்லாட்டவே சிரிக்கும்."

அண்ணிக்குக் கொள்ளேகால் பக்கத்துக் கிராமம். எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு பன்னிமண்டபத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவுக்கு வந்தவள். என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள். சந்தோஷமாக இருந்தால் நான் அவளுக்கு அம்மணி, கோபம் வந்தால் மேடம். பக்கத்தில் இருந்த ஊதுபத்தித் தொழிற்சாலையில் வாசனை முக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். அவள் வீட்டுக்குள் வரும் முன்னால் சந்தன வாசனை வந்துவிடும். நடவு, களை பருவத்தில் மட்டும் தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு, எங்கள் தெருவில் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்களின் பெண்களைச் சேர்த்துக்கொண்டு டெம்போவில் வயல் வேலைக்குப் போவாள். அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் மேஸ்திரி. கௌடர் நிலத்தில் நட்டதும் அவர்கள்தான், களை எடுக்க வந்ததும் அவர்கள்தான்.

ஒரே வீட்டில் தூங்கி எழுந்தோம். ஒரே அடுப்பில் காப்பி குடித்தோம். கௌடர் வயலில் எந்த நாள் நட்டீர்கள் என்று நான் அண்ணியைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. அவள் வேலை வேறு, என் வேலை வேறு என்றே இருந்தேன்.

அந்த முதல் வருஷம் களை எடுப்பு பார்க்கவே திருவிழா மாதிரி இருந்தது. வழக்கமாக மருந்து போட்ட வயலில் ஒரு தடவை லேசாகக் கை வைத்தால் போதும். அந்த வருஷம் மூன்று தடவை இறங்கினார்கள். நான் வரப்பில் குச்சி நட்டுக் கட்டம் கட்டி, ஒரு கட்டத்தில் எத்தனை நிற்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். அவர்கள் வரிசையாகக் குனிந்து பிடுங்கிக்கொண்டே வருவார்கள்.

"ஏம்மா, நாங்க புடுங்கறதை நீ எண்ணிக்கிட்டு இருக்கே, உனக்கு ஃபேன் போட்ட ஆபீசு" என்பாள் எங்கள் தெருக் கோடி வீட்டு அக்கா. வாய்க்குப் பேர் போனவள்.

"விடுக்கா, எண்ணட்டும். எண்ணினாத்தான் நமக்குக் கூலி" என்று அண்ணி சிரிப்பாள்.

"சக்களத்தியைப் புடுங்கினா கௌடரு கூலி தர்றாரு. எங்க வீட்டு ஆளு ஒருத்தியக் கூட்டியாந்து வச்சிருக்கானே, அவளைப் புடுங்கிப் போட எந்தக் கௌடரு கூலி தருவாரு?"

வரிசை முழுக்கச் சிரித்துச் சாய்ந்தது. நானும் சிரித்தேன். எண்ணிக்கை விட்டுப்போய் அந்தக் கட்டத்தை மறுபடி எண்ணினேன்.

பெங்களூரிலிருந்து எங்கள் மேலதிகாரி வந்து பார்த்தார். சரியான மருந்து, சரியான தண்ணீர், சரியான நாள் என்று நான் சொன்னேன். அவர் ஒரு செடியைப் பிடுங்கி வேரைத் தட்டி, "அப்போ இது மருந்துக்குப் பழகிவிட்டது" என்றார். கௌடர் சில வருஷமாக இதே மருந்தைப் போட்டு வருகிறவர். ஒரே மருந்தைத் தொடர்ந்து போட்டால் அதில் தப்பிப் பிழைத்தவை விதை போட்டு, அந்த விதையிலிருந்து அடங்காத கூட்டம் ஒன்று வந்துவிடும் என்பது புத்தகத்தில் இருந்தது. கண்ணெதிரே பார்க்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. மருந்துக்கு அடங்காத களை. அந்த வார்த்தையை ஆபீசில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த உரக்கடைக்காரரிடம் சொன்னேன், வீட்டில் சாப்பிடும்போதும் சொன்னேன். அதன் விதையை உதிர்த்து உறையில் போட்டு பெங்களூருக்கு அனுப்பினோம். சோதித்துப் பார்த்தார்களா என்று தெரியாது. பதில் வரவில்லை.

அடுத்த கோடையில் தொழிற்சாலையில் அண்ணியைக் கூப்பிட்டு, இனி வருஷா வருஷம் இப்படி நீண்ட லீவு கிடையாது, இருப்பதானால் பர்மனென்ட் ஆக்குகிறோம், இல்லாவிட்டால் வேறு ஆள் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள்.

"நீ படிச்சவ, சொல்லு அம்மணி. அந்தச் சக்களத்தி இந்த வருஷமும் வருமா?"

"வரும் அண்ணி. போன வருஷம் தப்பினது எல்லாம் விதை போட்டிருக்கு."

"மருந்துக்குச் சாகாதா?"

நான் விரல் விட்டேன். ஒன்று, இந்த மருந்துக்கு அது அடங்காது. இரண்டு, கம்பெனியிடம் இப்போதைக்கு வேறு மருந்து கிடையாது. மூன்று, வாய்க்கால் தண்ணீர் வருகிற நிலம் வருஷா வருஷம் கூடுகிறது. "அதனால கைக்களைதான். நாலஞ்சு வருஷத்துக்கு உங்களுக்கு வேலை நிச்சயம்."

அண்ணன் உள்ளேயிருந்து கத்தினான். "பர்மனென்ட் வேலையை யாராச்சும் விடுவாங்களா? ஊதுபத்தி உலகம் இருக்கற வரைக்கும் எரியும். களையை நம்பி யாரு பொழைச்சா?"

"உங்களுக்கு என்ன தெரியும்? நம்ம வீட்டு மேடமே சொல்லுது" என்றாள் அண்ணி. அந்த ஒரு தடவை மேடம் என்று கோபமில்லாமல் சொன்னாள். மறு வாரம் தொழிற்சாலையில் தன் கையுறைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். டெம்போக்காரனிடம் அந்தப் பருவம் முழுவதற்கும் பேசி முடித்தாள். இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். வீட்டில் சந்தன வாசனை குறைந்தது.

அந்த வருஷ மழையில் வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் நடவு தொடங்கியது. கௌடர் வயலில் நடவு நடந்துகொண்டிருக்கிறது என்று தெரியும். 'ஆய்து' என்று சொல் வந்த பிறகுதான் எனக்கு அங்கே வேலை. ஆனாலும் மணலும் மருந்தும் முன்கூட்டியே அவருடைய மோட்டார் அறையில் இருக்கட்டும் என்று ஒருநாள் காலையில் போனேன். ஆட்கள் இல்லாமல் வயல் அமைதியாக இருந்தது. நாற்று எல்லாம் நிமிர்ந்து வேர் பிடித்திருந்தது. ஒரு கரையிலிருந்து மறு கரை வரை நட்டு முடித்திருந்தார்கள், வடகிழக்கு மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் வெறும் சேறு. அதன் நடுவில் ஒரு கட்டு நாற்று கயிறு அவிழ்க்காமல் நின்றது.

பக்கத்து நிலத்தில் அண்ணியின் கூட்டம் நட்டுக்கொண்டிருந்தது. வரப்பில் நடந்து போய்க் கேட்டேன்.

"அண்ணி, கௌடர் வயல்ல அந்த மூலையை ஏன் விட்டுட்டீங்க? நாத்து பத்தலையா?"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நாத்து இருக்குதே, பார்க்கலயா? மூலை இன்னும் மூடலை."

"அப்படின்னா?"

"அவங்க வீட்டுல அப்படித்தான் அம்மணி. வெள்ளிக்கிழமை கௌடரு வீட்டம்மா வெத்தலை பாக்கு, வெல்லம், தேங்காயெல்லாம் எடுத்துக்கிட்டு வரும். மஞ்சத் தண்ணி தெளிச்சு மூலைய நாம மூடணும். கடைசிக் கட்டை மேஸ்திரி நடணும். அப்புறந்தான் 'நாட்டி ஆய்து'ன்னு சத்தமாச் சொல்லுவாங்க. இந்த வெள்ளி அமாவாசை வருதாமா, அவங்களுக்கு ஆகாது. அதனால அடுத்த வெள்ளி."

"அப்போ இப்ப நடவு ஆகலையா?"

"மூலை மூடாம எப்படி ஆச்சும்பாங்க?"

கோடி வீட்டு அக்கா குனிந்த தலையை நிமிர்த்தாமலே, "பட்டம் வாங்கினவளுக்கு இது தெரியலை பாரு. தாலி கட்டாம கலியாணம் ஆச்சும்பாங்களா?" என்றாள்.

வெயில் ஏறியிருந்தது. என் கால் பதிந்திருந்த சேறு மட்டும் சில்லென்று இருந்தது.

"போன வருஷம் அண்ணி? போன வருஷம் மூலை எப்ப மூடினீங்க?"

"போன வருஷமா? அவங்க வீட்டுப் பங்காளி சாவு விழுந்துச்சே, தீட்டு. அதெல்லாம் கழிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு மூடினோம். நாத்தெல்லாம் அதுக்குள்ள என்னமா எந்திரிச்சிருச்சு!" அவளுக்கு அது ஒரு சந்தோஷ ஞாபகம். அந்த வருஷம் கௌடர் வீட்டம்மா அவளுக்கு ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

நான் மோட்டார் அறைக்குத் திரும்பி வந்து மணல் மூட்டை மேல் உட்கார்ந்தேன். கௌடர் பொய் சொல்லவில்லை. ஆகி மூன்று நாள் என்றார். ஆவது என்றால் என்ன என்று நான்தான் கேட்கவில்லை. முந்தின வருஷம் நான் மருந்து போட்ட அன்று அந்தச் சக்களத்தி இரண்டு இலையோ மூன்று இலையோ விட்டுத் தண்ணீருக்கு அடியில் நின்றிருக்கிறது. நானே அதைப் பார்த்திருக்கிறேன். பாசி. அது மருந்துக்கு அடங்காத களை இல்லை. மருந்து வருமுன் பிறந்துவிட்ட சாதாரணக் களை. என் வார்த்தையில் ஒன்றும் இல்லை. அந்த வார்த்தையை நம்பி அண்ணி கையுறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த மூட்டை மேல் உட்கார்ந்து நான் யோசித்தவற்றையும் வரிசை போட்டுத்தான் யோசித்தேன். பேசாமல் இருந்து, கௌடரின் 'ஆய்து' வருகிறவரை காத்திருந்து போட்டால் எல்லாம் முந்தின வருஷம் போலவே நடக்கும். அண்ணிக்கு வேலை இருக்கும், மேலதிகாரிக்கு அடங்காத களை இருக்கும், எனக்கும் கெட்ட பெயர் இல்லை. ஆனால் கௌடருக்கு விளைச்சல் போகும். அது மட்டுமில்லை, நாள் தவறிப் போட்ட மருந்தில் தப்பித் தப்பித்தான் நிஜமாகவே அடங்காத களை உண்டாகும். நட்டு நாலு நாள்தான் என்பதால் இன்றைக்கே போட்டால் வயல் சுத்தமாகிவிடும்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கெட்டிக்கார யோசனை வந்தது. வயலுக்கு நடுவில் ஒரு வரப்பு போகிறது. ஒரு பக்கம் இன்றைக்குப் போடுவது. மறு பக்கம் மூலை மூடிய பிறகு, கௌடர் கணக்குப்படி போடுவது. ஆராய்ச்சி முறைப்படி இதைவிடச் சரியான காரியம் கிடையாது. யாரும் குறை சொல்ல முடியாது. அண்ணியின் கூட்டத்துக்கும் பாதி வயல் மிஞ்சும். பாதியாவது அவளுக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். அதை நினைத்ததும் மனசு லேசானதுகூட எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கௌடரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அர்த நிம்து, அர்த நம்து" என்றார். பாதி உங்களுடையது, பாதி எங்களுடையது. பெங்களூருக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தபோது, "ரொம்ப நல்லது, ஒப்பிட்டுப் பார்க்கலாம்" என்றார் மேலதிகாரி. மூலை பற்றி அவரிடம் விளக்கினேன். அவருக்கு ஏமாற்றம்தான். "அப்போ அது பழகின களை இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். அண்ணியிடம் மட்டும் அன்றைக்கு நான் எதையும் சொல்லவில்லை. பாதி இருக்கிறதே, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூலை மூடுவதைப் பார்க்க நானும் போனேன். கௌடர் வீட்டம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அண்ணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கடைசி நாற்றை நட்டாள். எல்லாப் பெண்களும் "நாட்டி ஆய்து" என்று கத்தினார்கள். தமிழ்ப் பெண்களின் வாயில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் அச்சுக் கன்னடமாக வந்தது. அண்ணி தன் பங்கு வெல்லத்தைக் கடித்து மீதியை எனக்கு நீட்டினாள். சாப்பிட்டேன். காலடியில் தண்ணீருக்குள் நூல் நூலாகப் பச்சை நின்றது. மூன்று நாள் கழித்து மறு பாதிக்கு மருந்து போட்டேன்.

களை எடுக்கும் சமயம் வந்தது. அண்ணியின் கூட்டம் டெம்போவிலிருந்து இறங்கி நடு வரப்பில் நின்றது. ஒரு பக்கம் நெல்லும் சக்களத்தியும் அடர்ந்து நின்றன. மறு பக்கம் நெல் மட்டும், நடுவே வெறும் தண்ணீர் மினுங்கியது.

"இந்தப் பக்கம் யாரு களை எடுத்தா?" என்றாள் அண்ணி.

"யாரும் எடுக்கலை. மருந்துதான்" என்றேன்.

அவள் சுத்தமான பாதிக்குள் இறங்கி, வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு அந்தக் கோடி வரை போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரே ஒரு செடி. வரப்போரம் மருந்து படாமல் தப்பியது. என் கையில் கொடுத்தாள். "இந்தா, எண்ணிக்கோ."

பாதி வேலையை அவர்கள் செய்து முடித்தார்கள். பாதி மிஞ்சியது என்று நான் நினைத்தது அவ்வளவுதான். வயல் முழுவதும் மருந்து போட்டுச் சுத்தமாகியிருந்தால், கௌடர் வயலில் இந்த வருஷம் களை குறைவு என்று நாலு பேர் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஒரே வயல், ஒரே நாற்று, ஒரே மருந்து, நடுவில் ஒரு வரப்பு, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் என்றதும் ஊரே வந்தது. கௌடர் கோயிலுக்குக் கூட்டிப் போவது போல ஆட்களைக் கூட்டி வந்து வரப்பில் நிறுத்தினார். பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் வந்தார்கள். மேலதிகாரி கேமராவோடு வந்து, என்னை நடு வரப்பில் நிற்க வைத்து படம் எடுத்தார். வந்த எல்லாரிடமும் நான் அதே விஷயத்தைப் பொறுமையாகச் சொன்னேன். கடைசி நாற்றிலிருந்து எண்ணாதீர்கள், முதல் நாற்றிலிருந்து எண்ணுங்கள். மூலைக்காகக் காத்திருக்காதீர்கள். நன்றாகத்தான் சொன்னேன். எல்லாருக்கும் புரிந்தது.

அந்தப் படத்தைப் போட்டு கம்பெனி ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தது. அண்ணி அதை உரக்கடையில் வாங்கிக்கொண்டு வந்தாள். "நானும் இருக்கேன் பாரு" என்று விரலால் காட்டினாள். களை மண்டிய பாதியில், என் முழங்காலுக்குப் பின்னால், குனிந்த முதுகுகளாக நாலைந்து புள்ளிகள். "இந்தச் செகப்பு சீலை நாந்தான். முதுகு நல்லா விழுந்திருக்குது."

அன்று ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு பாத்திரம் கழுவும்போது அவள் கேட்டாள். "சாகாதுன்னியே அம்மணி."

நான் சொன்னேன். நாள் கணக்கு, இலைக் கணக்கு, போன வருஷம் நடந்தது, எல்லாம். அவள் கையில் சாம்பலோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப மூலை மூடலைன்னு நான் சொன்னதுனாலதான் உனக்குத் தெரிஞ்சுதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமா அண்ணி" என்றேன்.

"நான் வாயைத் தொறக்காம இருந்திருந்தா?"

"போன வருஷம் மாதிரியே போயிருக்கும். எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது. யாராச்சும் ஒருநாள் கண்டுபிடிச்சிருப்பாங்க."

"யாராச்சும் கண்டுபிடிச்சிருக்கட்டுமே" என்றாள்.

அண்ணனிடம் அவள் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. களை குறைந்துபோச்சு என்று மட்டும் சொன்னாள். அவன் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தபோது, "சோத்தைத் தின்னுங்க" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மருந்து வராமல் போயிருக்காது, விவசாயிக்கும் லாபம் வேண்டும், இப்படி என்னிடம் நாலு பதில் தயாராக இருந்தன. ஒன்றையும் அவள் கேட்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் அந்த ரோட்டில் பெரும்பாலான வயல்களில் நடவுக்கு மட்டும்தான் கூப்பிட்டார்கள். கௌடர் வயலில் மூலையை விடவே இல்லை. நடவு முடிகிற அன்றைக்கே அதையும் நடச் சொல்லிவிட்டார். வெற்றிலை பாக்கு ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பப்பட்டது. அண்ணி, "ஒரு வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கட்டுமே" என்று சொல்லிப் பார்த்தாளாம். "மருந்து காத்திருக்காதும்மா, உன் நாத்தனார்தானே சொன்னா" என்றாராம் கௌடர். டெம்போவை விட்டுவிட்டார்கள். கோடி வீட்டு அக்கா மறுபடி செங்கல் சுமக்கப் போனாள். என்னை வழியில் பார்த்தால், "என்னம்மா, இன்னும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கியா?" என்பாள். அதில் சிரிப்பும் இருந்தது.

தொழிற்சாலையில் அண்ணியின் இடத்தில் வேறு பெண். இப்போது அவள் கட்டுக் கட்டாகக் குச்சி வாங்கிக்கொண்டு வந்து வீட்டிலேயே பலகை போட்டு உருட்டுகிறாள். அங்கே முக்குவதற்கு முந்தைய வேலை என்பதால் வாசனை கிடையாது, கரித்தூள் மட்டும். உருட்டியதை எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். நான் ஆபீசிலிருந்து வந்து சிலசமயம் பக்கத்தில் உட்கார்ந்து உருட்டுவேன். என் குச்சிகள் ஒரு பக்கம் பருத்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வரும். அவள் அவற்றைத் தனியே எடுத்து வைத்து, நான் எழுந்து போன பிறகு திரும்ப உருட்டுவாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

கம்பெனியில் எனக்கு நல்ல பெயர். நடு வரப்பு வைத்துப் பாதிப் பாதியாகக் காட்டும் முறையை மேலதிகாரி எல்லாக் கிளைகளிலும் செய்யச் சொல்லிவிட்டார். மேடம் செய்த மாதிரி செய்யுங்கள் என்பாராம். இந்த வருஷம் என்னைக் கொள்ளேகாலுக்குப் போகச் சொன்னார்கள். எந்தக் கிராமம் என்று பார்த்தபோது, அண்ணியின் ஊருக்கு அடுத்த ஊர். அங்கே களை எடுக்கப் போகிற கூட்டத்தில் அண்ணியின் அம்மாவும் இருக்கிறார்கள், தங்கையும் இருக்கிறாள்.

இரண்டு நாள் அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள், முந்தின தடவை போல ஆகக் கூடாது என்று, நானே போய்ச் சொன்னேன். அண்ணி பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். கிளம்பும் அன்று பஸ் ஸ்டாண்டுக்குக் கூடவே வந்தாள். ஒரு துணிப் பை கொடுத்தாள். உள்ளே அவள் அம்மாவுக்கு ஒரு சேலை, தங்கைக்கு வளையல், ஒரு பொட்டலம் மைசூர்பாகு.

"கொண்டுபோய்க் குடுத்துரு. நான் நல்லா இருக்கறேன்னு சொல்லு. ஆலை வேலையை விட்டது அவங்களுக்குத் தெரியாது, சொல்லிப்போடாத."

"சரி அண்ணி."

கொள்ளேகால் பஸ் வந்து நின்றது. என் பையில் வயலில் கட்டம் கட்டும் குச்சிகளும் அளவுநாடாவும் இருந்தன. சீட்டுப் பிடித்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கரி ஏறிய விரல்கள்.

"அங்கேயும் பாதிதான் போடுவியா?"

"பாதிப் பாதியாத்தான் செய்யச் சொல்லியிருக்காங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"முழுசாவே போட்டுரு அம்மணி" என்றாள். "பாதி போட்டா எல்லாரும் வந்து பார்ப்பாங்க."